தெரியுதாக்கா?

விடிந்தும் விடியாத நேரத்தில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தால் போதும், கடைசி வீட்டுக்காரர் பைக்கோடு வந்து என்னைப் பிடித்துக்கொள்வார்.

"அக்கா, கொஞ்சம் அந்த அடிபம்பு பக்கத்துல போயி நிக்கீங்களா?"

கையில் துடைப்பத்தோடு போய் நிற்பேன். அவர் தெருவின் அந்தக் கோடிக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போய், ஏதோ ஒரு விளக்கைப் போட்டுவிட்டு அங்கிருந்தே கத்துவார்.

"தெரியுதாக்கா?"

"தெரியுது, தெரியுது. ஊருக்கே தெரியுது. நீ கத்துறதும் நல்லா கேக்குது."

"டிம்முல?"

"டிம்முலயும்தான் தெரியுது. வூட்டுக்குப் போப்பா, எனக்கு வேலை கீது."

எங்கள் லைன் வீட்டில் கடைசிப் போர்ஷனில் குடியிருந்தவர். சேரப்பணஞ்சேரியில் எங்கள் நிலத்தில் பாதியைக் கம்பெனிகளுக்காக எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த மனையில் என் மாமனார் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டார். ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள் அறைக்கு நாலைந்து பேராக வந்து அடைந்தார்கள். இவர் மட்டும் மனைவியோடும் ஒரு பெண் குழந்தையோடும் வந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் கம்பெனியில், லைனில் வேலை. நல்ல பெயர்தான் வைத்திருந்தார்கள் அவருக்கு. ஆனால் லைட்டுக்காரர் என்று சொன்னால்தான் தபால்காரருக்கே தெரியும். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

அவருடைய வண்டியைப் பார்த்தால் சிரிப்பு வரும். சாதாரண நூறு சிசி வண்டி. அதன் பின் மட்கார்டில் சிவப்பு ரேடியம் ஸ்டிக்கர், சைலன்சருக்கு மேலே ரேடியம், கண்ணாடிக்குப் பின்னால் ரேடியம். இருட்டில் ஏதாவது ஒரு வண்டியின் வெளிச்சம் பட்டால் மாரியம்மன் கோயில் ஜோடனை மாதிரி இருக்கும். ஆடியில் கூழ் ஊற்றும்போது சீரியல் செட்டுக்குப் பதிலாக அந்த வண்டியையே கோயில் வாசலில் நிறுத்திவிடலாம் என்று நான் கேலி செய்வேன். குழந்தையின் புத்தகப் பைக்கும் ரேடியம் ஒட்டியிருந்தார். மனைவியின் செருப்புக்குப் பின்னால்கூட ஒட்டினார். அந்தப் பெண் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னாள்.

"வீட்டுக்குள்ள ஒரு டியூப் லைட்டு மாட்ட நேரமில்லக்கா இவுகளுக்கு. குண்டு பல்புலதான் சோறாக்குதேன். வண்டிக்கு மட்டும் நித்தம் தீபாவளி."

சிரிப்போம். ஆனால் குழந்தையை வண்டியில் ஏற்றும்போது அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேச முடியாது. டாக்டர் ஊசி போடும்போது இருக்கிற மாதிரி ஒரு முகம்.

எங்கள் ஊரில் எல்லோரும் பிள்ளையை முன்னால் பெட்ரோல் டேங்க் மேல்தான் உட்கார வைப்பார்கள். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும், காற்று முகத்தில் அடிக்கும், ஹாரனை அமுக்கலாம். அவர் அதற்கு ஒருநாளும் சம்மதித்ததில்லை. சடன் பிரேக் போட்டால் பிள்ளை முதலில் பறக்கும், அப்புறம்தான் அப்பன் என்பார். காயலான் கடையில் உடைந்த காரிலிருந்து சீட் பெல்ட்டை அறுத்து வாங்கி வந்து, அதைத் தைத்து, பாப்பாவைப் பின்னால் உட்கார வைத்துத் தன் இடுப்போடு சேர்த்து மாட்டிக்கொள்வார். சின்னப் பிள்ளைக்கு ஹெல்மெட் எங்கேயும் கிடைக்கவில்லை. கிரிக்கெட் ஆடும் பையன்களுடைய ஹெல்மெட் ஒன்றை வாங்கி, முன்கம்பியைக் கழற்றிவிட்டு, உள்ளே பஞ்சு வைத்துப் போட்டுவிட்டார். முதலில் தெருப் பிள்ளைகள் அவளைப் பார்த்து ஓவென்று கத்தின. அவள் அழவில்லை. அப்பா சொன்னால் அவளுக்கு வேதம்.

இதற்கெல்லாம் மேலே வாய்ப்பாடு. வண்டி கிளம்பியது முதல் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அவள் உரக்க வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வரவேண்டும். படிப்புக்காக இல்லை. பின்னால் உட்கார்ந்த பிள்ளை தூங்கிப்போனால் ஓட்டுபவனுக்குத் தெரியாது, தலை சரிந்து பக்கவாட்டில் தொங்கும். சத்தம் நின்றால் வண்டியும் நிற்கும், அது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

ஒருமுறை நான் படப்பையில் காய்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். அவர் வண்டி என்னைக் கடந்து போய், சட்டென்று ஓரங்கட்டி நின்றது. பின்னால் வந்த மணல் லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே போனான். இவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஏட்டி, சத்தத்தக் காணோம்?"

"ஏழு எட்டு மறந்து போச்சுப்பா."

"மறந்தா மறந்துட்டுன்னு சத்தமாச் சொல்லு. சும்மா இருக்கக் கூடாது."

அவள் "மறந்துட்டு, மறந்துட்டு" என்று கத்திக்கொண்டே போனாள். பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அன்று சிரிக்க வரவில்லை. இந்த ஆளுக்குள் என்னவோ ஒன்று உட்கார்ந்துகொண்டு ஆட்டி வைக்கிறது என்று தோன்றியது.

அது என்ன என்பதை என் வீட்டுக்காரரோடு போட்ட ஒரு வாக்குவாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்காரரும் கம்பெனி வேலைதான், படப்பை தாண்டி ஒரு பிரேக் பார்ட்ஸ் கம்பெனியில் இருந்தார். போகும் வழியில் எங்கள் பையனை டியூஷனில் இறக்கிவிட்டுப் போவார். பையன் அப்போது மூன்றாவது படித்தான். டேங்க் மேல்தான் சவாரி. லைட்டுக்காரர் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிடுவார். ஒருநாள் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாப்பா எப்பப் பாரு பயமுறுத்திகினே கீற? நான் என் சைடுல ஒழுங்காப் போறேன். எதிர்ல வர்றவன் பாத்து வரணும். அது அவன் வேலை."

"அவன் பாக்க மாட்டான் அண்ணாச்சி."

"இன்னாத்துக்குப் பாக்க மாட்டான்? கண்ணு இல்லியா?"

"கண்ணு இருக்கும். பாக்க மாட்டான். நாமதான் பாக்க வைக்கணும்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு அறையில் தங்கி வேலை செய்தாராம். அதே அறையில் அவருடைய ஊர்ப் பையன் ஒருவன். இரண்டு பேரும் ஷிப்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார். நிமிர்ந்தபோது பக்கத்தில் அவன் இல்லை. தண்ணி லாரி அடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"டிரைவரப் புடிச்சி உலுக்குனேன் அண்ணாச்சி. குடிச்சிருக்கல. தூங்கல. அழுதான். 'பாக்கலண்ணே, சத்தியமா பாக்கல'ங்கான். பாக்கலன்னு ஒரு சொல்லு. அம்புட்டுத்தான். ஒரு உசுரு போச்சு."

மறுநாள் என் வீட்டுக்காரர் பையனைப் பின்னால் உட்கார வைத்தார்.

மஞ்சள் விளக்குகள் வந்தது அந்த வருஷத்துக் கார்த்திகைக் கடைசியில். எங்கள் ஊர் ஏரி நிரம்பிவிட்டால் மார்கழி, தை இரண்டு மாதமும் வாலாஜாபாத் ரோட்டில் காலைப் பனி அடைத்துக்கொள்ளும். அப்போது அந்த ரோடு இப்போதிருப்பதில் பாதி அகலம்கூட இல்லை, நடுவில் தடுப்புச் சுவரும் கிடையாது. புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகளும், கம்பெனி பஸ்களும், கரும்பு டிராக்டரும், மாடும், எல்லாம் அதில்தான். ஹெட்லைட்டைப் போட்டால் பனியில் பட்டு வெள்ளையாகத் திரும்ப நம் முகத்திலேயே அடிக்கும். மஞ்சள் விளக்கு தாழ்வாக இருந்தால் பனிக்கு அடியில் புகுந்து போகும் என்று யாரோ கம்பெனி டிரைவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். பழைய கார் விளக்குகள் இரண்டு கொண்டுவந்து, முன்னால் இருக்கிற லெக் கார்டு கம்பியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாட்டினார். வண்டியில் வரும் கரண்டு மூன்று விளக்குக்கும் தாங்காது. அதனால் ஒரு சுவிட்ச் வைத்தார். மஞ்சள் இரண்டும் எரிந்தால் ஹெட்லைட் அணைந்துவிடும்.

வழக்கம்போல நான் அடிபம்பு பக்கத்தில் நின்றேன். அன்று நல்ல பனி.

"தெரியுதாக்கா?"

உண்மையிலேயே தெரிந்தது. இத்தனை நாள் பனியில் ஒரு மங்கல் வட்டமாகத் தெரிந்தது, இப்போது சுத்தமாக இரண்டு மஞ்சள் புள்ளிகள்.

"சூப்பரா தெரியுதுப்பா. ரெண்டு கண்ணு மாதிரி கீது" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

பிறகு தெருவே அவரிடம் வரிசையில் நின்றது. எதிர்வீட்டுப் பால்காரர், கோடிவீட்டு வாத்தியார், அறைகளில் இருந்த பையன்கள் என்று எல்லோர் வண்டியிலும் இரண்டு மஞ்சள் விளக்கு. பையன்களுக்குப் பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான். பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர்களுக்கு மட்டும் அவரே தேடிப் போய் மாட்டினார். கூலி என்று கையை நீட்டினால் முறைப்பார். என் வீட்டுக்காரர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அவரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தது நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை விளக்குகளோடு என் பையனுக்கும் ஒரு பெல்ட் தைத்துக் கொடுத்தார். "இனிமே நீங்க நிம்மதியா சமையல் பண்ணலாங்க்கா" என்றார். பண்ணினேன்.

மார்கழியில் ஒரு காலை. டியூஷனுக்குக் கிளம்பிப்போன கொஞ்ச நேரத்தில் பால்காரர் ஓடிவந்தார். ஏரிக்கரை வளைவு தாண்டி, ஒரு கம்பெனிக்குள் போகிற ரோடு பிரியும் இடம். எதிரே வந்த கம்பெனி பஸ் உள்ளே போவதற்காக வலது பக்கம் திரும்பியிருக்கிறது. என் வீட்டுக்காரர் நேராகப் போய் அதன் பக்கவாட்டில் மோதியிருக்கிறார். அவருக்குத் தோள்பட்டை எலும்பு. பையனுக்கு வலது கால், தொடையிலும் முழங்காலிலும். நான் போனபோது ரோட்டில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

கால் தப்பியது. ஆனால் வளர வளர அந்தக் கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகவே நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெல்ட் இல்லாமல் போயிருந்தால் பையன் தெறித்துப்போய் பஸ் சக்கரத்துக்குக் கீழே விழுந்திருப்பான் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆகவே லைட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் கட்டுப்போட்ட நிலையிலும் எழுந்து உட்கார்ந்தார்.

"உன் பெல்ட்டுதான்யா என் புள்ளைய குடுத்துச்சு. அந்த லைட்டு மட்டும் இல்லன்னா நேராவே ஏத்தியிருப்பான், போய்ச் சேந்திருப்போம். உன்ன மறக்க மாட்டேன்."

நான் எழுந்து இரண்டு கையையும் சேர்த்து அவரைக் கும்பிட்டேன். என்னைவிடச் சின்னவர். அப்படிக் கும்பிடக்கூடாதுதான். அன்றைக்கு எனக்கு அவரும் சாமியும் ஒன்று.

அவர் பையனின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கேட்டார், "டிரைவர் என்ன சொன்னான் அண்ணாச்சி?"

"இன்னா சொல்வான்? பசங்க ரெண்டு சாத்து சாத்துனாங்களாம். ஸ்டேஷன்ல வெச்சிருந்து ஜாமீன்ல விட்டுட்டாங்களாம்."

"இல்ல, பாக்கலன்னு சொன்னானா?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் மயக்கத்துல இருந்தேன்."

அந்த டிரைவரைத் தேடிப்போனது ஊரில் அவர் ஒருவர்தான். அடிக்கப் போனார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். திரும்பி வந்தவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் வண்டியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். பாப்பாவை பஸ்ஸில் கூட்டிப்போனார். விடியற்காலையில் "தெரியுதாக்கா" என்ற குரல் இல்லை. நான் பாட்டுக்கு வாசல் தெளித்து, கோலம் போட்டு, உள்ளே வந்துவிடுவேன். விபத்தைப் பார்த்து பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மனைவி மட்டும் சொன்னாள், ராத்திரி சோறு இறங்குவதில்லை என்று.

பொங்கல் நெருங்கும்போது எங்கள் வண்டி ஒர்க்ஷாப்பிலிருந்து வந்துவிட்டது. மஞ்சள் விளக்கு இரண்டும் நொறுங்கிப்போயிருந்தன. என் வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் வேலைக்குப் போவார், கால் கட்டு பிரித்ததும் பையனும் வண்டியில்தான் போகவேண்டும். அதனால் நான் லைட்டுக்காரரிடம் போய் நின்றேன்.

"எனக்கு வேற யாரும் மாட்ட வேணாம்பா. உன் கையாலயே புது லைட்டு ரெண்டு மாட்டிக் குடு."

"பாப்பம்க்கா."

இரண்டு நாள் கழித்துக் கேட்டேன், விளக்குக் கிடைக்கவில்லை என்றார். மறுபடி கேட்டேன், ஓ.டி. பார்க்கச் சொல்கிறார்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. "இன்னாப்பா, எங்கள கண்டா ஒதுங்கிப் போற? உன்ன நம்பித்தானே கேக்கறேன்" என்று தெருவிலேயே சத்தம் போட்டுவிட்டேன். "நாளைக்குக் காலம்பற ஏரிக்கரைக்கு வாங்கக்கா" என்றார்.

மறுநாள் போகி. ஊரெல்லாம் பாயும் டயரும் எரிந்த புகை, அதன்மேல் ஏரிப் பனி. ரோட்டில் வண்டி அதிகம் இல்லை. விபத்து நடந்த அதே இடத்தில், கம்பெனி ரோடு பிரியும் முனையில் என்னை நிற்கவைத்தார். நீண்ட நாளைக்குப் பிறகு வண்டியை எடுத்து வந்திருந்தார்.

"நான் அந்த வளைவுலேருந்து வாரேன்க்கா. நீங்க ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போகணும்னு வச்சிக்கிடுங்க. தாண்ட வேண்டாம், நின்ன எடத்துலயே நில்லுங்க. 'இனிமே தாண்ட முடியாது, வண்டி கிட்ட வந்துட்டு'ன்னு தோணுதுல்லா, அப்பக் கைய மட்டும் தூக்குங்க."

"இன்னாத்துக்குப்பா இதெல்லாம்?"

"ஒரு தடவக்கா."

போனார். புகையும் பனியும் அவரை மூடிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக இரண்டு புள்ளிகள், பக்கம் பக்கமாக. யாரோ காரில் வருகிறார்கள், வளைவுக்கும் அந்தப் பக்கம், ரொம்ப தூரத்தில், அது போன பிறகு இவர் வருவார் என்று நினைத்தேன். இப்போது தாண்டினால்கூட நிதானமாகத் தாண்டிவிடலாம் என்றும் தோன்றியது. புள்ளிகள் அப்படியேதான் இருந்தன. என்ஜின் சத்தம் கேட்டது. சத்தம் வந்த பக்கம் திரும்புவதற்குள் அவர் என் புடவையைக் காற்று இழுக்கிற மாதிரி என்னைக் கடந்துபோய் நின்றார்.

நான் கையைத் தூக்கவே இல்லை.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி வளைவுக்குப் போனார். இந்த முறை ஹெட்லைட் மட்டும். மங்கலாக ஒரே ஒரு வட்டம். அது வண்டி என்று பார்த்தவுடனே தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. எங்கே கையைத் தூக்கவேண்டுமோ அங்கே என் கை தானாக உயர்ந்தது. அவர் வந்து சேர அதன் பிறகும் நேரம் இருந்தது.

வண்டியை நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றார். நான் கேட்டேன்.

"அந்த டிரைவர் இன்னா சொன்னான்?"

"பாத்தேன்னு சொன்னாங்க்கா. நெருக்கமா ரெண்டு லைட்டப் பாத்தேன், அதான் தூரத்துல காரு வருதுன்னு நெனச்சேன், திரும்பிரலாம்னு திரும்புனேன்னான். நான் எல்லாருகிட்டயும் தெரியுதா தெரியுதான்னுதான் கேட்டேன். என்னவாத் தெரியுதுன்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கல."

அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். அடிக்கக் கை ஓங்கினேனா இல்லையா என்று நினைவில்லை. அவர் விலகவில்லை.

"ஏன்யா சொன்ன? நான் பாட்டுக்கு உன்ன சாமியா கும்பிட்டுகினு இருந்திருப்பேனே. எதுக்குய்யா சொன்ன?"

"நீங்க கும்புடுததுதாங்க்கா தாங்கல. திரும்ப மாட்டிக் குடுன்னும் கேட்டுட்டீங்க."

அழுதேன். அவரும் அழுதார். கம்பெனி வாட்ச்மேன் தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அவன் ஒரு கிறுக்கன், நீ அதுக்கு மேல" என்றார். சாகும்வரை அவர் அந்த விளக்கு தன்னைக் காப்பாற்றியதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவிலும் அதே கதைதான். லைட்டுக்காரர் பொங்கல் அன்றே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். வாத்தியார் கழற்றவிட்டார். பால்காரர் யோசித்துவிட்டு ஒன்றை மட்டும் கழற்றச் சொன்னார். பையன்கள் சிரித்தார்கள். "மாட்டுறப்போ நீதான்ணே மாட்டுன, இப்ப அழகா இருக்குறத எதுக்குக் கழட்டணும்" என்று கேட்டார்கள். அவர் ஏரிக்கரையில் நின்று பார்க்கச் சொன்னார். ஒருத்தனும் காலையில் எழுந்து வரவில்லை.

அதனால் அவரே போய் நின்றார். பனி இருந்த நாளெல்லாம், அந்த முனையில், கையில் டார்ச்சோடு. திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும் பஸ்களைக் கையைக் காட்டி நிறுத்துவார். "அண்ணே, அது காரு இல்ல, பைக்கு, கிட்டக்க வருது" என்று ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்வார். சிலர் நின்றார்கள். சிலர் பைத்தியம் என்று நினைத்து ஹாரன் அடித்தார்கள். வாட்ச்மேன் இரண்டு முறை துரத்திவிட்டார். இதில் தினமும் ஷிப்டுக்கு லேட். காண்ட்ராக்ட் முடிந்தபோது கம்பெனியில் புதுப்பிக்கவில்லை.

நான் அவரோடு பேச்சை விட்டிருந்தேன். மன்னித்தேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் பையன் படி ஏறும்போது இடது காலை முதலில் வைத்து வலது காலை இழுத்துக்கொள்வான். அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் ஆத்திரம் வரும். அந்த இரண்டு மஞ்சள் விளக்கையும் கல்லால் அடித்து நொறுக்கவேண்டும் போல இருக்கும். அந்த மனிதர் மேல் அப்படி வரவில்லை. வரவேண்டும் என்று முயற்சி செய்தும் பார்த்தேன்.

மாசி பிறந்தும் பனி விடாத ஒரு காலையில் அவர்கள் காலி செய்தார்கள். ஓசூர் பக்கம் வேலை கிடைத்திருந்தது. சாமான்களை முந்தின நாளே ஒரு மினி லாரியில் அனுப்பிவிட்டார்கள். மனைவியையும் பைகளையும் முதலில் படப்பை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, அவர் பாப்பாவைக் கூட்டிப்போகத் திரும்பி வரவேண்டும். அதுவரை பாப்பாவை என்னிடம் விட்டிருந்தார்கள். கிரிக்கெட் ஹெல்மெட்டோடு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்கு முடியவில்லை. அவளை நடத்திக்கொண்டு ஏரிக்கரை முனைவரை வந்துவிட்டேன்.

பனியில் ஒரு மங்கல் வட்டம் தெரிந்தது. ஒன்றே ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, அவராகி, எங்கள் முன்னால் வந்து நின்றது. லெக் கார்டு கம்பியில் விளக்கு இருந்த இடத்தில் பெயின்ட் உரிந்த தடம் மட்டும் இருந்தது. அவர் "தெரியுதாக்கா" என்று கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. பாப்பாவைத் தூக்கி உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினார், வாரை இழுத்துப் பார்த்தார், ஹெல்மெட் வாரையும் இழுத்துப் பார்த்தார்.

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"தெரிஞ்சிதுப்பா" என்றேன். "வண்டியாத்தான் தெரிஞ்சிது. கிட்ட வர்றதும் தெரிஞ்சிது."

அவர் தலையை மட்டும் அசைத்தார். வண்டியைப் படப்பைப் பக்கம் திருப்பினார். வண்டி கிளம்பியது. பாப்பா அந்த நிமிஷமே ஆரம்பித்துவிட்டாள், ஈரெண்டு நாலு, மூரெண்டு ஆறு என்று. பின் மட்கார்டின் சிவப்பு ரேடியம் சீக்கிரமே பனிக்குள் போய்விட்டது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதுவும் தேய்ந்து, சட்டென்று நின்றது.

வண்டி நின்றுவிட்டதா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். என்ஜின் சத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாப்பா தூங்கிவிடவில்லை, அவர்கள் தூரம் போய்விட்டார்கள், அவ்வளவுதான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.